கெர்பல் 2: பறக்க மறுத்த இரண்டாம் பாகம்

2023 பிப்ரவரி 24 அன்று, ராக்கெட் கட்டி விண்வெளிக்கு ஏவும் வீடியோ கேமான ‘கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் 2’, கேம்களை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் விற்பனைக்கு வந்தது. அறிவிப்பு வெளியாகி மூன்றரை ஆண்டுகள் ஆகியிருந்தன. முதல் நாளே வாங்கியவர்கள் ஆசையாக ராக்கெட்டைக் கட்டி ஏவுதளத்தில் நிறுத்தினார்கள். உயரமான ராக்கெட்டுகள் மேலே கிளம்பியதும் நடுவில் வளைந்து ஆடின, சில ஒடிந்தே போயின. விலை உயர்ந்த கணினிகளிலும் படம் திக்கித் திக்கி நகர்ந்தது. ஸ்டீமில் விமர்சனங்கள் குவிந்தன. சில வாரங்களில், 2011இல் பிறந்த பழைய முதல் பாகத்தை விளையாடுவோரின் எண்ணிக்கை புதியதை விளையாடுவோரின் எண்ணிக்கையைத் தாண்டிவிட்டது.

புகழ்பெற்ற ஒரு வீடியோ கேமுக்கு இரண்டாம் பாகம் வந்தால் அது வெல்லுமா என்ற கேள்விக்கு வழக்கமாகச் சொல்லப்படும் பதில், எதிர்பார்ப்பு அதிகமாகிவிட்டால் எதுவும் தேறாது என்பது. எனக்கு இந்தப் பதிலில் நம்பிக்கை இல்லை. மலையளவு எதிர்பார்ப்பைச் சுமந்துகொண்டு வந்து வென்ற இரண்டாம் பாகங்கள் நிறையவே உண்டு. கெர்பலின் கதையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால் சிக்கல் வேறோர் இடத்தில் இருப்பது தெரியும்: முதல் பாகம் பல ஆண்டுகள் உழைத்துச் சேர்த்து வைத்த முதிர்ச்சி, இரண்டாம் பாகத்தின் கைக்கு வந்து சேர்ந்ததா இல்லையா என்பதில்.

முதலில், இந்த விளையாட்டை அறியாதவர்களுக்காக. மெக்சிகோ நகரத்தில் ஸ்க்வாட் என்றொரு நிறுவனம் இருந்தது. அதன் தொழில் விளம்பரம் சார்ந்தது. கேம் தயாரிப்புக்கும் அதற்கும் தொடர்பே கிடையாது. அங்கே வேலை பார்த்த ஃபெலிப்பே ஃபலாங்கே, கேம் செய்யும் ஆசையில் வேலையை விட்டுப் போக நினைத்தார். போக வேண்டாம், இங்கேயே இருந்து அதைச் செய் என்றார்கள் முதலாளிகள். 2011 ஜனவரியில் வேலை தொடங்கியது, ஜூன் 24 அன்று முதல் பொதுப் பதிப்பு வெளியானது. அதில் நிலவு கூட இல்லை. ராக்கெட்டைக் கட்டலாம், ஏவலாம், பெரும்பாலும் வெடிக்க வைக்கலாம். சிறுவயதில் ஃபலாங்கே தகரத் தாளில் குட்டி மனிதர்களைச் செய்து பட்டாசு ராக்கெட்டுகளில் கட்டிப் பறக்கவிடுவாராம். அவர்களுக்கு அவர் வைத்திருந்த பெயர்தான் கெர்பல்.

பச்சை நிறம், பெரிய தலை, முட்டைக்கண் கொண்ட இந்தக் கெர்பல்களைப் பார்த்தால் குழந்தைகளின் விளையாட்டு என்றே தோன்றும். உள்ளே இருப்பதோ சுற்றுப்பாதை இயற்பியல். கெர்பல்கள் வாழும் கெர்பின் கிரகத்தின் ஆரம் 600 கிலோமீட்டர், பூமியின் ஆரத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதனால் சுற்றுப்பாதையை அடைவது எளிதாகிறது. விதிகள் மட்டும் ஏறக்குறைய நம்முடையவையே. முன்னால் போகும் விண்கலத்தைப் பிடிக்க வேண்டுமானால் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பது போன்ற, பாடப்புத்தகத்தில் எத்தனை முறை படித்தாலும் மண்டையில் ஏறாத விஷயங்கள் இங்கே இரண்டு மாலைகளில் கைப்பழக்கமாகிவிடும். 2013இல் மங்கள்யான் நேராகச் செவ்வாய்க்குக் கிளம்பாமல், பூமியைச் சுற்றியபடி பாதையைச் சிறிது சிறிதாக உயர்த்திக்கொண்டே போனது ஏன் என்று செய்தித்தாள்கள் படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தன. கெர்பல் ஆடியவர்களுக்கு அந்தப் படம் தேவைப்பட்டிருக்காது. சிறிய எஞ்சினை வைத்துக்கொண்டு, பூமிக்கு மிக அருகில் வரும்போதெல்லாம் கொஞ்ச நேரம் எரித்து வேகம் கூட்டுவதை அவர்களே பலமுறை செய்திருப்பார்கள்.

இந்த விளையாட்டு ஒரே நாளில் உருவாகவில்லை என்பதுதான் இங்கே முக்கியம். அரைகுறையாக இருந்தபோதே விற்றார்கள், வாங்கியவர்கள் குறை சொன்னார்கள், திருத்தினார்கள், மறுபடி விற்றார்கள். நிலவு வந்தது, பிற கிரகங்கள் வந்தன, அறிவியல் புள்ளிகள் சேர்க்கும் ஆட்டமுறை வந்தது. 2014இல் நாசாவோடு கைகோத்துச் சிறுகோள்களைப் பிடிக்கும் பகுதி சேர்ந்தது. முழுமையான 1.0 பதிப்பு வெளியானது 2015 ஏப்ரல் 27 அன்றுதான். அதற்குப் பிறகும் மேம்பாடுகள் நிற்கவில்லை. கடைசிப் பெரிய பதிப்பான 1.12 வந்தது 2021இல். இதற்கு இணையாக, விளையாட்டை மாற்றியமைக்க ரசிகர்களே எழுதிய ‘மாட்’ எனப்படும் கூடுதல் நிரல்கள் ஆயிரக்கணக்கில் பெருகின. மேகங்கள் வேண்டுமா, நிஜமான சூரியக் குடும்பம் வேண்டுமா, தானியங்கி விமானி வேண்டுமா, யாரோ ஒருவர் ஏற்கெனவே எழுதி வைத்திருப்பார்.

2017இல் கெர்பலின் உரிமையை அமெரிக்காவின் கேம் பதிப்பு நிறுவனமான டேக்-டூ வாங்கியது. அதற்கு முந்தைய ஆண்டிலேயே ஃபலாங்கே விலகிவிட்டார். 2016 இலையுதிர்காலத்தில் மேலும் சில நிரலாளர்கள் கூட்டாக வெளியேறினார்கள். ஆக, டேக்-டூ வாங்கியபோது பெயர் கிடைத்தது, நிரல் கிடைத்தது, ரசிகர்கள் கிடைத்தார்கள். பழைய வீட்டின் சாவி கைக்கு வந்தது, எந்தச் சுவரில் மழைக்கு ஈரம் ஊறும் என்று அறிந்தவர்கள் பெரும்பாலும் வீட்டைக் காலி செய்திருந்தார்கள்.

இரண்டாம் பாகத்தைச் செய்யும் பொறுப்பு அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த ஸ்டார் தியரி என்ற சிறிய ஸ்டூடியோவிடம் ஒப்படைக்கப்பட்டது. 2019 ஆகஸ்டில் வந்த முன்னோட்டக் காட்சி பிரமாதமாக இருந்தது: வேற்றுக் கிரகங்களில் குடியேற்றங்கள், நட்சத்திரங்களுக்கு இடையே பயணம், பலர் சேர்ந்து ஆடும் வசதி. 2020இல் வெளியீடு என்றார்கள். ஆனால் 2019 டிசம்பரிலேயே டேக்-டூ ஒப்பந்தத்தை ரத்து செய்தது. ஸ்டூடியோவின் ஊழியர்களுக்கு லிங்க்ட்இன் வழியாகச் செய்தி போனது: நாங்கள் புதிதாக ஒரு ஸ்டூடியோ தொடங்குகிறோம், அங்கே வந்துவிடுங்கள். 2020இல் புளூம்பெர்க் செய்தி நிறுவனம் இதை விரிவாக வெளியிட்டது. படைப்பு இயக்குநர் நேட் சிம்ப்சன் உட்படச் சிலர் புதிய இன்டர்செப்ட் கேம்ஸுக்குப் போனார்கள், சிலர் போகவில்லை. ஸ்டார் தியரி 2020 மார்ச்சில் மூடப்பட்டது. கட்டிக்கொண்டிருக்கும்போதே குழு இரண்டாகப் பிளந்த ஒரு விளையாட்டு, அதற்குப் பிறகு 2021க்கும் 2022க்கும் கடைசியில் 2023க்கும் தள்ளிப்போனதில் வியப்பில்லை.

இங்கே சற்று நின்று, கெர்பல் போன்ற ஒன்றைச் செய்வது ஏன் இவ்வளவு கடினம் என்று பார்க்க வேண்டும். கேம்களில் ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்பதைக் கணினி வழக்கமாக 32 பிட் எண்ணாகத்தான் வைத்துக்கொள்ளும். அதில் ஏறத்தாழ ஏழு இலக்கங்களுக்குத்தான் துல்லியம் உண்டு. ஓர் ஊருக்குள் நடக்கும் துப்பாக்கிச் சண்டைக்கு இது தாராளம். விண்வெளிக்குப் போதாது: தொடக்கப் புள்ளியிலிருந்து ஒரு கோடி மீட்டர் தள்ளிப் போனதும், ஒரு மீட்டரை விடச் சிறிய அசைவைக் கணினியால் பதிந்துகொள்ள முடியாது. விண்கலத்தின் பாகங்கள் இல்லாத இடத்தில் இருப்பதாகக் கணக்காகும், ஒன்றோடொன்று மோதுவதாகத் தோன்றும், காரணமே இல்லாமல் கலம் சிதறும். முதல் பாகத்தின் ரசிகர்கள் இந்தப் பேய்க்குக் கடல் பூதத்தின் பெயரை வைத்து ‘கிராக்கன்’ என்றார்கள். ஸ்க்வாட் கையாண்ட தீர்வு அழகானது. கலத்தை நகர்த்தாதே, அதை எப்போதும் மையத்திலேயே வை, அண்டத்தையே அதைச் சுற்றி நகர்த்து.

இன்னொரு தலைவலி, பாகங்களை இணைக்கும் மூட்டுகள். கெர்பலில் ஒரு ராக்கெட் நூறு தனித்தனிப் பாகங்களால் ஆனது. ஒவ்வோர் இணைப்பும் கணினிக்கு ஒரு சுருள்வில். நூறு சுருள்வில்களை அடுக்கி, அடியில் நெருப்பு மூட்டினால் ஆடத்தான் செய்யும். முதல் பாகத்திலும் ராக்கெட்டுகள் ஆடின, அது அந்த விளையாட்டின் வேடிக்கைகளில் ஒன்றாகவே இருந்தது. பிறகு 2016இல் வந்த 1.2 பதிப்பு, பாகங்களைக் கண்ணுக்குத் தெரியாத கம்பிகளால் தானாகவே இறுக்கிக் கட்டும் வசதியைக் கொடுத்தது. ஆட்டம் கட்டுக்குள் வந்தது. பலர் அதை மறந்தே போனார்கள்.

2023இல் இரண்டாம் பாகம் வந்தபோது மறந்துபோன அந்த ஆட்டம் திரும்பி வந்தது. முதல் பாகத்தின் கண்ணுக்குத் தெரியாத கம்பிகள் ஓர் ஒட்டுவேலை, அதைவிட ஒழுங்கான தீர்வு வேண்டும் என்ற எண்ணம் குழுவுக்கு இருந்தது. கேட்பதற்கு நியாயம்தான். ஆனால் அந்த ஒழுங்கான தீர்வு வரும்வரை, 50 டாலர் கொடுத்து வாங்கியவர் வளையும் ராக்கெட்டோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. ராக்கெட் எவ்வளவு ஆடலாம் என்பதைப் பற்றிப் படைப்பு இயக்குநரே நீண்ட பதிவு எழுதும் நிலை வந்தது.

வெளியான அன்று விளையாட்டில் இல்லாதவற்றின் பட்டியல் நீளமானது. வளிமண்டலத்துக்குள் திரும்பி நுழையும்போது கலம் சூடாவது இல்லை, அறிவியல் ஆட்டமுறை இல்லை. குடியேற்றங்கள், நட்சத்திரப் பயணம், பலர் சேர்ந்து ஆடுவது எல்லாம் ‘வரும்’ என்ற அட்டவணையில் இருந்தன. பரிந்துரைக்கப்பட்ட கிராஃபிக்ஸ் அட்டை ஆர்டிஎக்ஸ் 3080. அந்தக் காலத்தில் அதை வைத்திருந்தவர்கள் சிறுபான்மையினர். அழகான இசை, முதல்முறை ஆடுபவர்களுக்கு நேர்த்தியான பாடக் காட்சிகள், கால வேகத்தைக் கூட்டியபடியே எஞ்சினை எரிக்கும் வசதி என நல்லவையும் இருந்தன. அவற்றைக் கவனிக்கும் மனநிலையில் யாரும் இல்லை.

அரைகுறையாக விற்பது முதல் பாகமும் செய்ததுதானே என்று கேட்கலாம். கேட்கவும் செய்தார்கள். 2011இல் அரைகுறைக் கெர்பலோடு ஒப்பிட உலகில் வேறெதுவும் இல்லை. சில டாலர் கொடுத்தவர்கள், தாங்கள் ஒரு பரிசோதனையில் பங்கு கொள்வதாக நினைத்தார்கள். 2023இல் அரைகுறை இரண்டாம் பாகத்தின் பக்கத்திலேயே, அதைவிடக் குறைந்த விலையில், பத்தாண்டு முதிர்ந்த முதல் பாகம் ஆயிரக்கணக்கான மாட்களோடு நின்றுகொண்டிருந்தது. இரண்டாம் பாகம் போட்டியிட்டது 2011இன் கெர்பலோடு இல்லை, 1.12 பதிப்போடு. இதைப் பதிப்பாளர்கள் கணக்கில் எடுப்பதாகத் தெரியவில்லை. எடுத்திருந்தால் அந்த விலையில் அந்த நாளில் வெளியிட்டிருக்க மாட்டார்கள்.

மீதிக் கதை சுருக்கமானது. 2023 டிசம்பரில் வந்த பெரிய மேம்பாடு அறிவியல் ஆட்டமுறையையும் வெப்பத்தையும் கொண்டுவந்தது. கருத்துகள் நல்லவிதமாகத் திரும்பத் தொடங்கின. 2024 ஏப்ரல் இறுதியில், இன்டர்செப்ட் இயங்கிய சியாட்டிலில் 70 பேரைப் பணிநீக்கம் செய்வதாக டேக்-டூ அரசுக்குக் கொடுத்த அறிக்கை வெளியானது. இன்டர்செப்ட் முடிந்தது. ஜூனில் வந்த சிறு திருத்தத்துக்குப் பிறகு எதுவும் வரவில்லை. அந்த ஆண்டு நவம்பரில், கெர்பலை வெளியிட்ட தன் பிரைவேட் டிவிஷன் பிரிவையே டேக்-டூ விற்றுவிட்டது. குடியேற்றங்களும் நட்சத்திரப் பயணமும் அட்டவணையிலேயே தங்கிவிட்டன.

இதே 2023இல், மே 12 அன்று, ஜப்பானின் கேம் நிறுவனமான நின்டெண்டோ ‘டியர்ஸ் ஆஃப் தி கிங்டம்’ விளையாட்டை வெளியிட்டது. அதன் முதல் பாகமாக 2017இல் வந்த ‘பிரெத் ஆஃப் தி வைல்ட்’, நின்டெண்டோவின் செல்டா கேம் வரிசையிலேயே மிக அதிகம் புகழப்பட்டவற்றில் ஒன்று. எதிர்பார்ப்பின் சுமையைப் பற்றிப் பேசுவதானால் இதைவிடக் கனமான சுமை கிடையாது. முதல் மூன்று நாள்களில் உலகெங்கும் ஒரு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. முதல் பாகத்தின் அதே நிலப்பரப்பு, அதே மலைகள், அதே இயக்குநர் ஹிடெமாரோ ஃபுஜிபயாஷி, அதே தயாரிப்பாளர் எய்ஜி அவோனுமா. பழைய வரைபடத்தையே மறுபடி விற்கிறார்கள் என்று வெளியீட்டுக்கு முன் முணுமுணுத்தவர்கள் உண்டு. அந்த முணுமுணுப்பு ஒரு வாரம் கூடத் தாங்கவில்லை.

வரைபடத்தை மறுபடி வரைய வேண்டியிராததால் மிச்சமான உழைப்பு, கிடைத்த பொருள்களை ஒட்டி வண்டியும் விமானமும் கட்டும் புதிய ஆற்றலுக்குப் போனது. இதைச் செய்தது எப்படி என்று நின்டெண்டோவின் நிரலாளர்கள் 2024இல் சான்ஃபிரான்சிஸ்கோவில் நடந்த கேம் உருவாக்குநர் மாநாட்டில் விளக்கினார்கள். ஒட்டும் ஆற்றலை முதலில் பழைய உலகத்தில் விட்டுப் பார்த்தபோது உலகம் உடைந்துபோயிற்று. கதவு, பற்சக்கரம் போன்ற பல பொருள்கள் முன்பே எழுதிவைத்த அசைவின்படி நகர்பவை. வீரர் கட்டிய எந்திரம் அவற்றோடு மோதினால் கணக்கு குழம்பியது. ஒவ்வொரு மோதலுக்கும் தனி ஒட்டுப்போடாமல், உலகில் உள்ள எல்லாவற்றையும் இயற்பியலுக்குக் கட்டுப்பட்டதாக மாற்றினார்கள். பெரிய வேலைதான். தங்கள் பழைய விளையாட்டில் எது எப்படி நகர்கிறது என்று விரல்நுனியில் வைத்திருந்த குழுவால் அதைத் துணிந்து தொடங்க முடிந்தது. கெர்பலின் ஆடும் ராக்கெட்டும் செல்டாவின் உடைந்த கதவும் அடிப்படையில் ஒரே வகைச் சிக்கல். ஒரு குழுவுக்கு நேரமும் ஞாபகமும் இருந்தன. மற்றொன்றிடம் இரண்டும் இல்லை.

இன்னொரு ஒற்றுமை எனக்குச் சுவாரசியமாகப் படுகிறது. ‘டியர்ஸ் ஆஃப் தி கிங்டம்’ முதலில் இரண்டாம் பாகமாகத் திட்டமிடப்படவே இல்லை. முதல் பாகத்துக்குக் கூடுதல் பகுதியாகச் சேர்க்க வைத்திருந்த யோசனைகள் பெருகிப்போனதால் தனி விளையாட்டாயிற்று. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் ஒரு கைவிரல்களுக்குள் அடங்கும் குழுவான டீம் செர்ரி செய்த ‘ஹாலோ நைட்: சில்க்சாங்’ கதையும் அப்படியே. முதல் பாகத்துக்குக் கூட்டு நிதி திரட்டியபோது ரசிகர்களுக்கு வாக்களித்த ஒரு கூடுதல் கதாபாத்திரம், 2019 பிப்ரவரியில் தனி விளையாட்டாக அறிவிக்கப்பட்டு, 2025 செப்டம்பர் 4 அன்று வந்தது. அன்று ஸ்டீம் உட்படப் பல இணையக் கடைகள் கூட்டம் தாங்காமல் திணறின. ஆறரை ஆண்டுத் தாமதத்தை அந்தக் குழுவால் தாங்க முடிந்தது. முதல் பாகத்தின் விற்பனை அவர்களை யாரிடமும் கையேந்தாதபடி வைத்திருந்தது. கடினம் அதிகம் என்றும், சீன மொழிபெயர்ப்பு சரியில்லை என்றும் குறைகள் வந்தன. விளையாட்டு விழவில்லை. இந்த இரண்டு விளையாட்டுகளும் முதல் பாகத்தில் மிச்சமிருந்த வேலையிலிருந்து முளைத்தவை. கெர்பல் 2 ஓர் அலுவலகக் கூட்டத்தில், வாங்கிய பெயரை என்ன செய்யலாம் என்ற கேள்வியிலிருந்து பிறந்ததாகவே தோன்றுகிறது.

அப்படியானால் அதே ஆட்கள் இருந்தால் போதுமா? போதாது. ஃபின்லாந்தின் தம்பேரே நகரில் சுமார் முப்பது பேர் வேலை பார்க்கும் கொலோசல் ஆர்டர் 2015இல் ‘சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ்’ மூலம் நகரம் கட்டும் விளையாட்டுகளின் ராஜாவானது. இரண்டாம் பாகத்தையும் அதே நிறுவனம்தான் செய்தது. 2023 அக்டோபர் 24 அன்று வந்தபோது அது கணினிகளை மண்டியிட வைத்தது. தொலைவில் புள்ளியாகத் தெரியும் குடிமக்களைக்கூடப் பல்வரிசை உட்பட முழு நுணுக்கத்தோடு கணினி வரைந்துகொண்டிருந்தது தெரியவந்தபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பல் கதை வேடிக்கை. உண்மையான காயம் வேறு. அடித்தள நிரலைப் புதிதாக எழுதத் துணிந்தவர்கள், அதற்குத் துணையாக யூனிட்டி எஞ்சின் (கேம்களைக் கட்டப் பயன்படும் தயார்நிலை அடித்தள மென்பொருள்) தரவேண்டிய புதிய வசதிகள் இன்னும் முற்றாத நிலையில் அவற்றை நம்பி இறங்கினார்கள். முதல் பாகத்தை வாழவைத்த மாட் வசதி வெளியீட்டு நாளில் இல்லை. 2024 மார்ச்சில்தான் எட்டிப்பார்த்தது. அதே மாதம் விற்ற கூடுதல் பகுதி ஒன்றுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் அளவுக்குக் கோபம் மூண்டது. 2025 நவம்பரில், பதிப்பாளர் பாரடாக்ஸும் கொலோசல் ஆர்டரும் பிரிவதாக அறிவித்தார்கள். விளையாட்டு ஐஸ்ஃபிளேக் என்ற வேறொரு ஸ்டூடியோவின் கைக்குப் போனது.

கொலோசல் ஆர்டரிடம் ஞாபகம் இருந்தது, ஆனாலும் பழைய உழைப்பைக் கீழே வைத்துவிட்டுப் புதிய தொழில்நுட்பத்தில் முதல் படியிலிருந்து ஏறினார்கள். வாங்கியவர்களோ எட்டாவது படியில் காத்திருந்தார்கள்.

இந்தக் கோணத்தில் பார்த்தால், டேக்-டூவின் இன்னொரு பிள்ளையான ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 6’க்குக் காத்திருக்கும் சோதனை எதுவென்று ஊகிக்கலாம். 2026 நவம்பர் 19 என்று தேதி குறித்திருக்கிறார்கள். 2013இல் வந்த ஐந்தாம் பாகத்தின் கதையை அது மிஞ்சிவிடும் என்றே நினைக்கிறேன்; பணத்துக்கோ ஆட்களுக்கோ அங்கே பஞ்சமில்லை. கடினமான எதிரி, ஐந்தாம் பாகத்தோடு பிறந்து பத்தாண்டுக்கும் மேலாக வீடு, கார், தொழில் என்று மக்கள் சேர்த்து வைத்திருக்கும் இணையவழி ஆட்டம். அதை விட்டுவிட்டு வெறுங்கையோடு வா என்று அவர்களிடம் சொல்ல வேண்டியிருந்தால், கிராஃபிக்ஸ் மட்டும் சமாதானம் ஆகாது.

கெர்பலின் இடம் வெகுநாள் காலியாகக் கிடக்கவில்லை. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் ராக்கெட்வெர்க்ஸ் ஸ்டூடியோவை நடத்தும் டீன் ஹால், 2024இல் ‘கிட்டன் ஸ்பேஸ் ஏஜென்சி’ என்ற திட்டத்தை அறிவித்தார். கெர்பல் என்ற பெயரைப் பயன்படுத்த உரிமை இல்லாததால் பச்சை மனிதர்களுக்குப் பதில் பூனைக்குட்டிகள். முதல் கெர்பலில் வேலை செய்தவர்களும், அதற்குப் புகழ்பெற்ற மாட்களை எழுதியவர்களும் அங்கே சேர்ந்திருக்கிறார்கள். யூனிட்டியை ஒதுக்கிவிட்டு, மிகப்பெரிய தொலைவுகளைத் துல்லியம் குறையாமல் கையாளும் சொந்த அடித்தளத்தை முதலில் எழுத இறங்கினார்கள். ராக்கெட் கட்டும் பட்டறையும் மற்ற அலங்காரங்களும் அதற்குப் பிறகு. சட்டப்படி இதை இரண்டாம் பாகம் என்று யாரும் அழைக்க முடியாது.